டி.டி. போட்டாச்சு, அப்புறம் என்ன?

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். கடலடிப் பாறைத் திட்டான பாரில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடித்து இழுக்கும்போது கல் அந்தத் துணியையும் மீறிக் கிழித்துவிடும். ஆண்களுக்குக் கெளுத்தி முள், திருக்கை முள், தூண்டில். காயம் படாமல் கடல் வேலை கிடையாது. அதனால் எங்கள் பக்கம், ரணஜன்னி என்ற டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசியைத் தெரியாதவர்களும் கிடையாது. அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் தெரியாது.

என் சித்தப்பா பாதத்தில் ஒருமுறை கெளுத்தி முள் ஆழமாக ஏறிவிட்டது. டீசலை ஊற்றி, பழைய துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ஊசி போட்டதும், “டி.டி. போட்டாச்சு, அப்புறம் என்ன?” என்று எழுந்து வந்துவிட்டார். காயத்தைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார். ரணஜன்னி வரவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை மாதிரி உறங்கிக் கிடக்கும், வருஷக் கணக்கில் சாகாது. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். ஆளைச் சாய்ப்பது அந்த நஞ்சுதான். காயத்தின் அருகே இருக்கும் நரம்பு நுனியைப் பிடித்து ஏறி, முதுகுத்தண்டுக்குப் போய், தசைகளைத் தளரச் சொல்லும் தகவலை மறித்துவிடும். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், அப்புறம் முதுகு வில்லாக வளையும்.

இதைத் தடுப்பவை நம் ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புரதங்கள். ஆன்டிபாடி என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். நஞ்சு நரம்பைப் பற்றுமுன் இவை நஞ்சைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட நஞ்சு நரம்பில் ஒட்ட முடியாது, உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கிவிடும். 1890ல் பெர்லினில் பெரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள்: நஞ்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்தநீரை வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் பிழைத்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901ல், பெரிங்குக்குத்தான் போனது.

சரி, டி.டி. ஊசியில் இந்தப் புரதம் இருக்கிறதா? இல்லை. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த நஞ்சு. அதைப் பார்த்து நம் உடம்புதான் புரதத்தைச் செய்துகொள்ள வேண்டும். முன்பே முழுசாகப் போட்டுக்கொண்டவர் என்றால் உடம்புக்கு நினைவிருக்கும், சில நாளில் மளமளவென்று செய்துவிடும். வாழ்க்கையில் முதல்முறையாகப் போடுகிறவருக்கு அந்த ஒரு ஊசி பத்தாது. இரண்டாவதும் போட்டு இரண்டு வாரமாவது போனால்தான் நம்பலாம். நோயோ காயம் பட்ட 3 முதல் 21 நாளுக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

இதனால்தான் காயம் அழுக்காகவும் ஆழமாகவும் இருந்து, பழைய ஊசிக் கணக்கும் தெரியாவிட்டால், டாக்டர் டி.டி.யோடு வேறொரு ஊசியும் எழுதுவார். அதில் இருப்பது பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தயார்ப் புரதம், வழக்கமாக 250 யூனிட். உடனே வேலை செய்யும், சில வாரங்களில் கரைந்துபோகும். “ஒன்றுதான் போட்டாச்சே, இது எதற்கு? காசு பிடுங்கவா?” என்று மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறுக்காதீர்கள். நரம்புக்குள் நுழைந்துவிட்ட நஞ்சை எந்தப் புரதத்தாலும் வெளியே இழுக்க முடியாது.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிச் சமாளிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். மாத்திரை கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே சுரந்த நஞ்சை அது தொடாது.

துரு இல்லையே, பயமில்லை என்பார்கள். துருவுக்கும் நோய்க்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. முள்ளும் கல்லும் போதும். காயத்தில் சாணம், மண், காப்பித்தூள், டீசல் எதுவும் வேண்டாம். சாணம் கிருமியையே கொண்டுவந்து வைப்பது. ஓடும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். திருக்கை முள் என்றால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் காலை வைத்திருப்பது வலிக்கு நல்லது, அதன் விஷம் சூட்டில் சிதையும். ஆனால் கிருமி அந்தச் சூட்டில் சாகாது, ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

உப்புத்தண்ணி பட்டால் புண் ஆறும் என்ற நம்பிக்கை வடகடலான பாக் விரிகுடாவிலும் தென்கடலான மன்னார் வளைகுடாவிலும் ஒன்றுபோல் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமிக் கூட்டமே வாழ்கிறது. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதில் சில வகைகள் ஒரே நாளில் சதையை அழிக்கும். டி.டி. ஊசி இதைத் தடுக்காது, ஏனென்றால் ஒவ்வொரு புரதமும் அதற்கென்று உள்ள நஞ்சைத்தான் பிடிக்கும். சிவப்பு பரவினாலும் கொப்புளம் கண்டாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். எதிர்ப்புச் சக்தி கூட்டும் பவுடர் என்று விற்பதும் இந்தப் புரதங்களைத் தராது.

ஒருமுறை ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட ஊசி வேண்டும். ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடம்பு அதை அடையாளம் கண்டு புரதம் செய்யப் போதாத அளவு, அவ்வளவு சொற்பம். மறுபக்கம், ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி தேவையில்லை. முழுசாகப் போட்டவருக்குச் சுத்தமான சின்னக் காயமென்றால் 10 வருஷம் வரை, அழுக்குக் காயமென்றால் 5 வருஷம் வரை தாங்கும். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கர்ப்பத்தில் அம்மா போட்டுக்கொள்ளும் ஊசியின் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. பிறந்த குழந்தைகளின் ரணஜன்னி ஒரு பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் இல்லை என்று 2015ல் உறுதியானதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் பெண்களுக்கு அப்படியாவது ஊசி கிடைத்துவிடுகிறது. விட்டுப்போனவர்கள் வயதான ஆண்கள். நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடும் திட்டம் 1985ல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்து இன்றும் வலை இழுக்கும் பலர் சின்ன வயதில் முழு வரிசையும் போட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று ஊசி: இன்று ஒன்று, நாலு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதத்தில் ஒன்று. சித்தப்பாவுக்கு மூன்றாவது பாக்கி இருக்கிறது, மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது கூட்டிப் போகப் போகிறேன்.