சென்னை – தூத்துக்குடி: ஒன்றரை மணி நேரம் என்று நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து தூத்துக்குடி, வான்வழியில் சுமார் 530 கிலோமீட்டர். ஏடிஆர் விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்தவரை அந்தச் சின்ன விமானம்தான் இறங்க முடிந்தது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்து வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தங்குகிறவர்களுக்கு நேரம் போவது வானத்தில் அல்ல.

மீனம்பாக்கத்துக்குக் காரில் போகாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் அவ்வளவுதான். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது; எங்கும் மாறாமல் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி என்பதால் பெரிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இனி, நான் எழுத வந்த விஷயம். ஊருக்கு வந்திருப்பது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சித்தப்பா போனில், "பிளேன்ல ஒன்றரை மணிதானல, காலைல கையெழுத்தப் போட்டுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துரு" என்றார். அவர் குரலைக் கேட்டபிறகு மறுக்க மனம் வரவில்லை.

கையெழுத்து, அப்பா வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலையிலேயே டோக்கன் வாங்கியிருந்தோம். மதியம் வரை சர்வர் வேலை செய்யவில்லை. சர்வர் வந்ததும் அத்தையின் விரல்ரேகை கருவியில் விழவில்லை. காசிமேட்டில் காலமெல்லாம் மீன் ஆய்ந்த கை. கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து வைத்தார், முந்தானையில் தேய்த்து வைத்தார். "அழுத்தி வைம்மா" என்று ஒவ்வொரு முறையும் அதட்டல். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, "என் கைதான்பா சரியில்ல" என்று அத்தை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபது வயதைத் தாண்டியவரை உட்காரவைக்க ஒரு நாற்காலி இல்லை. அப்பா போனபிறகு வரி, பட்டா என்று இந்த மாதிரி வரிசைகளில் அத்தை தனியாகத்தான் நின்றிருக்கிறார். நாங்கள் மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டுப் போனில் விசாரித்தோம்.

ரேகை விழுந்தபோது மாலை விமானம் போய்விட்டிருந்தது. கட்டணமும் போயிற்று. சித்தப்பா வீட்டில் சீலா மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஆகவே பத்திரப்பதிவு இருக்கும் நாளில் எந்த விமானமும் வேண்டாம். மறுநாளைக்கும் காலை விமானம் வேண்டாம். வரமுடியாதவர்கள் நீங்கள் வாழும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, நம்பகமான ஒருவருக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். பலர் இந்தக் கெடுவைத்தான் தவறவிடுகிறார்கள். வயதானவர்களோடு போவதென்றால் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள், கூடவே இன்னொரு ஆளும் இருக்கட்டும்.

வடசென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு என்னைக் கேட்டால் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். மாலை ஏறினால் காலையில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். வாகைகுளத்தில் இறங்கிக் கார் தேட வேண்டியதில்லை. எழும்பூரில் ஏறுவதா வேறு நிலையத்திலா என்பதை மட்டும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.