ஆடியோமீட்டரைக் கணினியுடன் இணைப்பது எப்படி?

செவித்திறன் சோதனையில் கிடைத்த அளவுகளைத் தாளில் குறித்து, பிறகு கணினியில் தட்டச்சு செய்யும்போது வலக் காதின் எண் இடக் காதின் கட்டத்தில் விழுந்துவிட்டால், காது கேட்கும் கருவியின் ஒலி தவறான பக்கத்தில் கூட்டப்படும். ஆகவே செவித்திறனை அளக்கும் கருவியான ஆடியோமீட்டரிலிருந்து கணினிக்கு நேரடியாகத் தரவை அனுப்புவது நல்லது. ஆனால் இணைப்பே தவறாக அமைந்துவிட்டால், அதே பிழை யார் கண்ணிலும் படாமல் நாள்தோறும் நிகழும். அதனால் கேபிளைச் செருகுவதைக் காட்டிலும் செருகிய பின் சரிபார்ப்பதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் மின்பாதுகாப்பைக் கவனியுங்கள். ஹெட்போனும், மண்டையெலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் எலும்புவழி அதிர்வியும் நோயாளியின் உடலைத் தொடுகின்றன. அலுவலகக் கணினியோ மருத்துவப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டதன்று. இரண்டையும் இணைத்ததும், கணினியின் மின்கசிவு ஆடியோமீட்டர் வழியாக நோயாளியை அடைய ஒரு பாதை உண்டாகிறது. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1 தரநிலை நோயாளியைச் சுற்றி 1.5 மீட்டர் வரையுள்ள இடத்தை நோயாளிச் சூழலாகக் கொள்வதால், கணினியை அதற்கு அப்பால், இயன்றால் ஒலித்தடுப்பு அறைக்கே வெளியே வையுங்கள். அப்படி வைத்தால் கணினி விசிறியின் ஓசையும் சோதனையைக் கெடுக்காது. மின்கசிவு நோயாளியை அடையாமல் தடுக்க, கணினிக்குத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வேண்டுமா, கேபிளின் இடையில் யுஎஸ்பி ஐசொலேட்டர் வேண்டுமா என்பதை ஆடியோமீட்டரின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதிய ஆடியோமீட்டர்களில் யுஎஸ்பி இணைப்பு இருக்கும். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. பழைய கருவிகளில் உள்ள 9 ஊசி சீரியல் போர்ட்டுக்கு யுஎஸ்பி மாற்றி ஒன்று தேவைப்படும். மலிவான மாற்றிகளில் போலிச் சில்லுகள் இருந்தால் விண்டோஸ் அவற்றை ஏற்க மறுப்பதுண்டு என்பதால், கருவி நிறுவனம் பரிந்துரைக்கும் மாற்றியையே வாங்குங்கள். சீரியல் கேபிளில் நேர்க் கேபிள், குறுக்குக் கேபிள் என இரு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; வகை மாறினால் தரவு வராது.

பெரும்பாலான கருவிகளுக்கு மென்பொருளையும், கருவியைக் கணினி அடையாளம் காண உதவும் டிரைவரையும் நிறுவிய பிறகே கேபிளைச் செருக வேண்டும். செருகியதும், இணைந்துள்ள சாதனங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், அந்த இணைப்புக்கு எந்த காம் போர்ட் எண் கிடைத்துள்ளது என்று பார்த்து, அதே எண்ணையும், கருவியில் உள்ள அதே பாட் வேகத்தையும் (தரவு அனுப்பும் வேகம்) மென்பொருளில் கொடுங்கள். மாற்றியை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் அந்த எண் மாறிவிடக்கூடும். ஆகவே துளையின் மேல் ஒரு சீட்டு ஒட்டி வைப்பது உதவும். மின்சேமிப்புக்காக யுஎஸ்பியை உறங்கச் செய்யும் விண்டோஸ் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். சோதனையின் நடுவில் இணைப்பு அறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காது கேட்கும் கருவி பொருத்தும் இடங்களில், கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹிம்சா நிறுவனத்தின் நோவா மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. அதில் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் அளவுகளின் வரைபடத்தை, ஒருமுறை சேமித்தால், பல நிறுவனங்களின் பொருத்துதல் மென்பொருள்கள் அதை எடுத்துக்கொள்ளும். அதற்கு உங்கள் ஆடியோமீட்டருக்குரிய மாட்யூலை (இணைப்பு மென்பொருளை) நோவாவுக்குள் நிறுவியிருக்க வேண்டும்.

இனிச் சரிபார்ப்பு. நோவாவில் சோதனைக்கென்று ஒரு பெயரைப் பதிந்து, நோயாளி யாரும் இல்லாமல், இரு காதுகளுக்கும் வேண்டுமென்றே வேறுபட்ட அளவுகளைக் கருவியில் சேமியுங்கள். எடுத்துக்காட்டாக, 1000 ஹெர்ட்ஸில் வலக் காதுக்கு 30, இடக் காதுக்கு 45 டெசிபல். 4000 ஹெர்ட்ஸில் வலக் காதுக்கு 60, இடக் காதுக்கு 20. எலும்புவழி அளவுகள் சிலவற்றையும், மாஸ்கிங் செய்த (மறு காதில் இரைச்சல் கொடுத்து எடுத்த) ஓர் அளவையும், 8000 ஹெர்ட்ஸில் பதில் இல்லை என்ற குறியையும் சேருங்கள். அனுப்பிய பின், சிவப்பு வட்டம் வலக் காதிலும் நீலப் பெருக்கல் குறி இடக் காதிலும் சரியான மட்டத்தில் விழுந்துள்ளனவா என ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பதில் இல்லை என்பதைக் காட்டும் கீழ்நோக்கிய அம்புக்குறியைக் கட்டாயம் தேடுங்கள். அது தொலைந்துவிட்டால், கேட்கவே கேட்காத ஒலி கேட்டதாகப் பதிவாகிவிடும்.

நோயாளி மாறும்போது, முந்தையவரின் அளவுகளைக் கருவியிலிருந்து அழித்து, நோவாவில் அடுத்தவரின் பெயரைத் திறந்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள். ஹெட்போன்கள் அந்தந்தக் கருவியோடு சேர்த்து அளவீடு செய்யப்பட்டவை; கருவிகளை இடம் மாற்றி இணைக்கும்போது அவற்றைத் தம்முள் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸோ மாட்யூலோ புதுப்பிக்கப்பட்டால், மேற்சொன்ன அளவுகளை மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பார்த்த பிறகு முதல் நோயாளியை அழையுங்கள்.