வீட்டில் மின்காந்தப் புலத்தைக் குறைப்பது எப்படி? கட்டிலில் இருந்து தொடங்குங்கள்

பக்கத்துத் தெரு செல்போன் டவரை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டரை யோசிப்பவர்கள் குறைவு. நம் கையில் இருப்பது இந்த இரண்டாவதுதான். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், எவ்வளவு கவலைப்படலாம்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்கம்பிகளும் வீட்டுச் சாதனங்களும் உண்டாக்கும் காந்தப் புலத்தை 2002-லும், செல்போன் வகை ரேடியோ அலைகளை 2011-லும் ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. நிரூபணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. காந்தப் புலம் சராசரியாக 0.3–0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. காரணம் அந்தப் புலம்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆகவே காசு செலவில்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைப்போம், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: தள்ளி வையுங்கள்

ஹேர் டிரையரை ஒட்டி 3 செ.மீ. தூரத்தில் அளந்தால் மாடலைப் பொறுத்து 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா வரை வரும். ஓரடி தள்ளினால் 7-க்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டரில் 0.03-ஐத் தாண்டாது. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆகவே அதிக நேரம் அசையாமல் கிடக்கும் இடத்தை, அதாவது கட்டிலை, முதலில் பாருங்கள். தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம் இன்வெர்ட்டர், மீட்டர் பெட்டி, ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர் ஏதாவது இருக்கிறதா? காந்தப் புலத்துக்குச் செங்கல் சுவர் தடையே இல்லை. கட்டிலைத் திருப்பிப் போடுங்கள், அல்லது மூன்றடி நகர்த்துங்கள்.

படி 2: நியூட்ரலைச் சோதியுங்கள்

பலரும் தொடாமல் விடுவது இதைத்தான். ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) ஒரே பைப்பில் ஒட்டிப் போனால், போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒன்றின் புலத்தை ஒன்று ஏறக்குறைய அழித்துவிடும். பிரிந்து போனால் அழியாது. பிற்பாடு இன்வெர்ட்டர் லைன் இழுக்கும்போது ஃபேஸைப் புதுப் பைப்பில் கொண்டுபோய், நியூட்ரலை அந்த அறையின் பழைய லைனிலேயே சேர்த்துவிடுவது உண்டு. மாடிப்படி விளக்கின் டூ-வே சுவிட்சிலும் கீழ்மாடி ஃபேஸ், மேல்மாடி நியூட்ரல் என்று கலந்துவிடும். இப்படித் தனியாக ஓடும் ஒரு ஆம்பியர், ஒரு மீட்டர் தள்ளி 0.2 மைக்ரோடெஸ்லா கொடுக்கும். இரண்டு ஆம்பியர் என்றால் மேலே சொன்ன 0.4 வந்துவிட்டது. தூரம் இரட்டித்தாலும் பாதிதான் குறையும் என்பதால் அறை முழுக்கப் பரவும்.

எலக்ட்ரீஷியனை வைத்து இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: டிபி பெட்டியில் (வீட்டின் லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) ஒரு லைனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டரின் (கம்பியைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கருவி) வாய்க்குள் விட்டு, அந்த லைனில் லோடு போட வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. அரை, ஒன்று என்று ஆம்பியர் காட்டினால் மின்சாரம் வேறு வழியாகத் திரும்புகிறது, அல்லது எங்கோ கசிகிறது. நியூட்ரல் கலந்த லைனில் எம்சிபியை (அந்த லைனின் பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்த பிறகும் நியூட்ரல் வழியாக ஷாக் அடிக்கக்கூடும். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி காரணமில்லாமல் விழுகிறதே என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதையே. புலத்துக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகச் சரிசெய்யுங்கள். டிபி பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

படி 3: அடுப்படி

இண்டக்ஷன் அடுப்பில் வட்டத்தை முழுசாக மூடும், அடி தட்டையான பாத்திரத்தை நடுவில் வையுங்கள். சின்னப் பாத்திரம், வளைந்த அடி, ஓரமாக வைப்பது எல்லாமே புலத்தை வெளியே கசியவிடும். வயிறு அடுப்பின் விளிம்பில் இடிக்க நின்று கிளற வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இரண்டடி தள்ளியே இருக்கட்டும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். மிக்ஸி ஓடுவது சில நிமிடம்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

படி 4: போன்

சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டும். 4ஜி போனுக்கு உச்சம் பொதுவாக 200 மில்லிவாட். லிஃப்டிலும் ஓடும் பஸ்ஸிலும் நீளமாகப் பேசுவதைத் தவிருங்கள், வீட்டில் ஜன்னலோரம் வந்து பேசுங்கள். ஸ்பீக்கரோ வயர் வைத்த இயர்போனோ போதும், தலையில் படுவது வெகுவாகக் குறைந்துவிடும். *#07# அடித்தால் பெரும்பாலான போன்களில் எஸ்ஏஆர் அளவு (உடல் உறிஞ்சும் ரேடியோ அலைச் சக்தி) தெரியும். இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். இரவில் தலையணைக்கு அடியில் வைப்பதை நிறுத்துங்கள். வைஃபை ரவுட்டர் கட்டிலில் இருந்து சில அடி தள்ளி இருந்தால் போதும்.

வாங்கக்கூடாதவை

போனில் ஒட்டும் ‘ரேடியேஷன் தடுப்பு’ ஸ்டிக்கர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். சிக்னலை மறைத்தால் போன் இன்னும் சக்தி கூட்டி வேலை செய்யும், அவ்வளவுதான். போனில் இறக்கும் ‘ஈஎம்எஃப் மீட்டர்’ (மின்காந்தப் புலம் அளக்கும்) ஆப்பும் வேண்டாம். அது 40 மைக்ரோடெஸ்லா என்று காட்டினால் மிரள வேண்டியதில்லை. நம் ஊரில் பூமியின் சொந்தக் காந்தப் புலமே ஏறக்குறைய அவ்வளவு. திசைகாட்டிக்காக வைத்த சென்சார் அது, 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தைச் சரியாக அளக்காது.

டவர்

2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் டவர் அலைகளுக்கான வரம்பு, சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கு. ஆன்டெனாவின் வீச்சு முன்னோக்கிப் போவதால் நேர் கீழே உள்ள வீட்டில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்த்து, கட்டணம் கட்டி அளக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.