கிளாக் பிஸ்டலுக்கு வீட்டிலேயே டிரிகர் மாற்றுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கிளாக் பிஸ்டல் வாங்குகிறவர்களில் பலர் சில மாதங்களிலேயே அடுத்த பார்சலுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். உள்ளே அலுமினிய டிரிகர் ஒன்று, பளபளவென்று ஒரு கனெக்டர் (டிரிகர் எவ்வளவு கனமாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சின்னத் தகடு), குட்டிக் கவரில் இரண்டு மூன்று ஸ்பிரிங். பதினைந்து நிமிட வேலை என்பார்கள். அது பொய்யும் இல்லை. பின்களைத் தள்ளும் ஒரு பஞ்ச் கம்பி, ஒரு பழைய துண்டு, நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். டெக்சஸில் நண்பர் வீட்டு கராஜில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் தப்பாக முடிந்தது. டிரிகரை அழுத்தினேன், "டக்" என்றது. ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, இழுத்து விட்டு விரலை எடுத்தேன், டிரிகர் முழுதாக முன்னால் வரவில்லை. பாதியிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது துப்பாக்கியின் சொந்தக்காரரே அதன் பாகத்தை மாற்றுவது சகஜமாக இருக்கும் ஊர்களுக்கான பேச்சு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்குமே தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக மேசையில் பிரித்துப் போட்டு உட்கார முடியாது.

சரி, கிளாக்குக்கு வருவோம். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. பெருவிரலால் தள்ளுகிற சேஃப்டி லீவர் இதில் கிடையாது. அதற்குப் பதில் உள்ளே மூன்று தடுப்புகள் இருக்கின்றன. டிரிகரின் நடுவில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பட்டை ஒன்று. தோட்டாவின் பின்பக்கத்தை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை வழியிலேயே மறிக்கும் சிறு உருளை இரண்டாவது. துப்பாக்கி கீழே விழுந்தாலும் டிரிகர் பாரை (டிரிகரிலிருந்து பின்னால் போகும் உலோகப் பட்டை) கீழிறங்க விடாமல் தாங்கிக்கொள்ளும் சின்னத் திட்டு மூன்றாவது. மூன்றையும் விடுவிப்பது ஒரே அசைவு, டிரிகர் பின்னால் போவது. அதனால் இந்தத் துப்பாக்கியில் டிரிகரைக் கழற்றுகிறவர் சேஃப்டியையும் சேர்த்தே கழற்றுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

வரிசை மாறினால்

கிளாக்கைப் பிரிக்க ஸ்லைடைக் கழற்ற வேண்டும். ஸ்லைடைக் கழற்ற டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அந்த வடிவமைப்பே அப்படி. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், ஒரு தோட்டா மறந்து கிடந்தால் வேலை தொடங்கும் முன்பே சுவரில் ஓட்டை விழும். சுவரோடு போனால் அது அதிர்ஷ்டம்.

இதில் அனுபவசாலிகளே சறுக்குகிற இடம் வரிசை. மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) எடுக்காமல் ஸ்லைடை இழுக்கிறார்கள். தோட்டா ஒன்று வெளியே தெறிக்கிறது, பார்த்து நிம்மதி அடைகிறார்கள். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிட்டது. அப்புறம் மேகசினை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று நம்புகிறார்கள். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. நடுவில் போன் வந்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

டிரிகர்தான் காரணமா?

வலது கைக்காரர்கள் பலருக்குக் குறிவைத்த இடத்தைவிட்டு குண்டு இடப்பக்கம் கீழே இறங்கும். பத்தில் எட்டுப் பேர் இதற்காகத்தான் டிரிகர் மாற்றுகிறார்கள் என்பது என் ஊகம். மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும் முறை சத்தம் இருக்காது, உதறல் இருக்காது. ஆனால் துப்பாக்கியின் மூக்கு குபுக்கென்று கீழே குனியும். வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே தள்ளுவதுதான் அது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிரிகரும் அந்தக் குனிவை நிறுத்தாது. அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள் என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

டிரிகரை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்கிற எடை பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கம்பெனி டிரிகர் ஏறக்குறைய 5.5 பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ. "3.5 பவுண்டு" என்று கடையில் விற்கிற கனெக்டரைப் போட்டு அளந்தால் 4.5 பக்கம்தான் வரும். எடை அளக்கும் கேஜை டிரிகரின் நுனியில் மாட்டினால் ஓர் எண், நடுவில் மாட்டினால் வேறு எண். அளக்காமலே "சும்மா தொட்டாலே போகுது" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி தொட்டாலே போகக் கூடாது. நியூயார்க் போலீஸுக்காக வந்து "நியூயார்க் ஸ்பிரிங்" என்றே பெயர் நிலைத்துவிட்ட பாகம் டிரிகரை இன்னும் கனமாக்குவதற்கானது. பதற்றத்தில் கை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் கேட்டு வாங்கியது அது.

சுத்தியலும் பின்னும்

ஜென் 3, ஜென் 4 (மூன்றாம், நான்காம் தலைமுறை) கிளாக்கில் சட்டகத்தைக் குறுக்கே கோத்து பெரும்பாலும் மூன்று பின்கள் இருக்கும். ஜென் 5இல் இரண்டுதான். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு ஜென் 5இல் மூன்றாவது பின்னைத் தேடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், ஜென் 3க்கான டிரிகர் பாரை ஜென் 5க்குள் திணிக்கப் பார்ப்பது. பாகம் வாங்கும்போது மாடல் எண், தலைமுறை இரண்டையும் சரிபார்த்தாக வேண்டும்.

ஜென் 3, ஜென் 4இல் மேல் பின் முதலில் வர வேண்டும். அடுத்து டிரிகர் பின். இங்கேதான் எல்லோரும் சுத்தியலை எடுக்கிறார்கள். அந்தப் பின்னில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், ஸ்லைடு ஸ்டாப் லீவர் (கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்துவது) அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து பின்னைப் பிடித்து வைத்திருக்கும். லீவரை இடது கையால் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே பஞ்ச் கம்பியால் தள்ளினால், பின் வெண்ணெயில் கத்தி போல நழுவி வரும். ஆட்டாமல் அடித்தால் பின்னும் கெடும், லீவரும் கெடும், சட்டகத்தின் ஓட்டையும் பிய்யும். சட்டகம் பிளாஸ்டிக், மறந்துவிடாதீர்கள். 3/32 அங்குல பஞ்ச் போதும். சுத்தியல் இல்லாமலே முடிகிற வேலை இது.

திரும்பப் பூட்டும்போது அதே லீவரின் கம்பி ஸ்பிரிங் இடம் மாறி உட்காருவது இன்னொரு தொல்லை. பூட்டி முடித்ததும் லீவரை விரலால் தூக்கி விடுங்கள். சட்டென்று கீழே விழ வேண்டும். தூக்கிய இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் தவறான இடத்தில் இருக்கிறது. அப்படியே ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போனால் மேகசினில் தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்பிரிங்: நான் விழுந்த குழி

கவரில் வந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் போட்டேன். காசு கொடுத்து வாங்கியதை எதற்கு வீணாக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஜென் 3, ஜென் 4இல் இரண்டு ஸ்பிரிங்குகள் கயிறிழுக்கும் போட்டி நடத்துகின்றன. ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் டிரிகரை முன்னால் தள்ளுகிறது. டிரிகர் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்கிறது. அதாவது டிரிகர் ஸ்பிரிங் உங்கள் விரலுக்குத் துணை. அது பலமானால் டிரிகர் லேசாகும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை மெலிதாக்கினாலும் லேசாகும். நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். கயிறு ஒரே பக்கமாகப் போய்விட்டது. முன்னால் தள்ள ஆளில்லை, டிரிகர் பாதியில் தொங்கியது. டிரிகர் முழுதாக முன்னால் வராவிட்டால் நடுவிலுள்ள நாக்கும் வெளியே வராது. நாக்கு வெளியே வராவிட்டால் முதல் தடுப்பு இல்லை என்று அர்த்தம்.

மெலிந்த ஃபயரிங் பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு விலையும் உண்டு. பின், தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பும் பிரைமரில் லேசாகக் குழி போட்டுவிட்டு நிற்கும், தோட்டா வெடிக்காது. போட்டியில் அப்படி நடந்தால் சில நொடிகள் போகும். தற்காப்புக்கு வைத்திருக்கிற துப்பாக்கியில் நடந்தால் என்ன போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: டிரிகர் ஸ்பிரிங்கை மாட்டும்போது அது ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்து நிற்க வேண்டும். இசட் போல இருந்தால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

தேய்ப்பதும் திருகுவதும்

பருத்திக் குச்சியில் பாலிஷ் தடவி, உரசும் முகங்களை மினுக்குவதை அங்கே "25 சென்ட் டிரிகர் வேலை" என்பார்கள். கையால், பொறுமையாகச் செய்தால் பெரிய கெடுதல் இல்லை. டிரெமல் என்கிற சுழன்று தேய்க்கும் மெஷினை எடுத்தவுடன் கதை மாறிவிடும். மினுக்குவது வேறு, உலோகத்தைக் கரைப்பது வேறு. மூலைகள் உருண்டுவிட்டால் திரும்ப வராது. டிரிகர் பாரின் சிலுவை போன்ற பின்பகுதிதான் ஃபயரிங் பின்னின் கொக்கியைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் முனையிலும், அதன் கை உட்காரும் திட்டிலும் மெஷின் படவே கூடாது. கனெக்டரை இடுக்கியால் வளைத்து எடையைக் குறைப்பதும் இதே ரகம்.

திருகு வைத்த டிரிகர்களில் ஆபத்து இன்னும் நைசாக வரும். விரல் வைத்ததும் சும்மா நகரும் அந்த முதல் கொஞ்ச தூரம் பலருக்கு எரிச்சல். திருகை முடுக்கி அதை இல்லாமல் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த தூரம் வீண் தூரம் இல்லை. அந்தப் பயணத்தில்தான் உருளை மேலே தள்ளப்படுகிறது, சிலுவையின் கை திட்டைவிட்டு நகர்கிறது. திருகை முடுக்கினால் துப்பாக்கி சும்மா கிடக்கும்போதே தடுப்புகள் பாதி விலகிய நிலையில் கிடக்கும். கம்பெனி வைத்த மொத்தப் பயணம் 12.5 மில்லிமீட்டர். அதில் எவ்வளவைத் தின்னலாம் என்பதை விரலின் சுகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தளராமல் பிடிக்கும் பசை போடாத திருகு சுடச்சுடத் தானே நகரும் என்பது தனிக் கதை.

டிரிகரின் சொந்த எடைகூட விஷயம்தான். 2017இல் சிக் சாவர் பி320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்ற பிரச்சினை வெளிவந்தது. அந்தத் துப்பாக்கியின் டிரிகரில் கிளாக் மாதிரி நாக்கு கிடையாது. பின்பக்கம் தரையில் மோதும்போது துப்பாக்கி நின்றுவிடும், டிரிகர் தன் கனத்தால் தொடர்ந்து பின்னால் போகும். அதே ஆண்டு அந்தக் கம்பெனி அறிவித்த இலவச மாற்றத்தில் எடை குறைந்த டிரிகரும் ஒன்று. அழகுக்காகக் கனமான உலோக டிரிகர் தேடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மூடிய பிறகு

பூட்டியதும் "டக்" என்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. காலித் துப்பாக்கியில் இவ்வளவாவது பாருங்கள். டிரிகரின் ஓரத்தை மட்டும், நடு நாக்கைத் தொடாமல் அழுத்தினால் நகரக் கூடாது. நேராக அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். பிறகு விரலை மெதுவாகத் தளர்த்தினால் ஒரு "டிக்" கேட்க வேண்டும். மறுபடி அழுத்தினால் பின் விழ வேண்டும். ஸ்லைடைத் தனியே எடுத்து, ஃபயரிங் பின்னின் கொக்கியைப் பின்னிருந்து தள்ளிப் பாருங்கள். உருளையை அழுத்தாதவரை பின் முனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. ஸ்லைடின் பின்னால் மாட்டுகிற, உள்ளே பார்க்க வெட்டு விட்ட ஆரஞ்சு நிறப் பின்தட்டு ஒன்று விற்கிறார்கள். கிளாக் மெக்கானிக்குகள் வைத்திருப்பது. அதை மாட்டினால் சிலுவையும் கொக்கியும் எவ்வளவு தூரம் கவ்வியிருக்கின்றன என்று கண்ணாலேயே தெரியும். மூன்றில் இரண்டு பங்காவது கவ்வியிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேஞ்சில் முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. பிறகு இரண்டு. அது சரியாகப் போன பிறகே நிறைய. இரண்டு போட்டு ஒரே அழுத்தலில் இரண்டும் போய்விட்டால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபக்கம். ஒரே அழுத்தலில் ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கியை 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கா மெஷின்கன் கணக்கில் வைக்கும், அது மறுபக்கம். "தற்செயலாக ஆயிற்று" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற நிலைமை வேண்டாம்.

அப்புறம் உறை. புது டிரிகர் தட்டையாக, சற்று முன்தள்ளி இருந்தால் பழைய உறைக்குள் போகும்போது உரசலாம். காலித் துப்பாக்கியைச் செருகி எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

என் கராஜ் கதை இப்படி முடிந்தது. மறுநாள் பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டேன். அவற்றைத் தூக்கி எறியாமல், பெயர் எழுதிய ஜிப் கவரில் நண்பர்தான் எடுத்து வைத்திருந்தார். புதியதில் கனெக்டர் மட்டும் உள்ளே இருக்கிறது. அந்தப் பளபள டிரிகர் இப்போது அதே ஜிப் கவருக்குள்.