மழைக்கால ஃபார்வர்டுகளைச் சரிபார்ப்பது எப்படி? சென்னை இளைஞர்களுக்குப் படிப்படியான விளக்கம்

2015 வெள்ளத்தின்போது, ஈசிஆர் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அது பொய். பண்ணை நிர்வாகமே மறுத்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. அது உண்மை. வனத்துறையின் கூடுதல் தலைமைச் செயலர் சுப்ரியா சாஹு அதை எக்ஸ் தளத்தில் உறுதிசெய்தார். சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன என்றும் விளக்கினார்.

'நம்புற மாதிரி இருக்கா?' என்று கேட்டுப் பயனில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும். வந்ததையெல்லாம் நம்புவது ஆபத்து. 'மீடியா முழுக்கப் பொய்' என்று மொத்தமாக ஒதுக்குவதும் அதே அளவு ஆபத்து, ஏனென்றால் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். கேட்க வேண்டியவை மூன்றுதான்: எப்போது நடந்தது, எங்கே நடந்தது, முதலில் சொன்னது யார்.

படி 1: அம்புக்குறியைப் பாருங்கள்

மெசேஜின் மேலே இரட்டை அம்பு இருந்தால், குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்பிய பெரியப்பா அதை எழுதவில்லை, அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். ஆனால் அம்பு இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். டெக்ஸ்டை காப்பி செய்து ஒட்டினாலோ, வீடியோவை டவுன்லோடு செய்து மறுபடி ஏற்றினாலோ அம்பு போய்விடும்.

படி 2: நியூஸ் கார்டில் தேதியையும் கிழமையையும் ஒப்பிடுங்கள்

'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை: ஆட்சியர் அறிவிப்பு.' ஒவ்வொரு நவம்பரிலும் இந்த கார்டு சுற்றும். பெரும்பாலும் கார்டு அசல்தான், ஆண்டுதான் பழசு. ஆண்டு அச்சிட்ட மூலையை யாரோ வெட்டியிருப்பார்கள். தேதியோடு கிழமை மிஞ்சியிருந்தால் காலண்டரைத் திறந்து பாருங்கள். நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை என்றால் அது 2024ஆகவோ 2019ஆகவோ இருக்கலாம், 2025 கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் 12 புதன்.

மாவட்டத்தையும் படியுங்கள். விடுமுறையை மாவட்ட வாரியாக அந்தந்த ஆட்சியர் அறிவிக்கிறார். தாம்பரத்துப் பள்ளிக்குச் செங்கல்பட்டு ஆட்சியரின் அறிவிப்புதான் பொருந்தும், சென்னை ஆட்சியருடையது பொருந்தாது.

கார்டே போலியாக இருந்தால் எழுத்துரு காட்டிக்கொடுக்கும். அதே சேனலின் அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் தடிமன், வரி இடைவெளி, லோகோ இருக்கும் இடம் மாறியிருக்கும். ஆனாலும் இறுதிச் சோதனை சேனலின் சொந்தப் பக்கம்தான். அன்றைய தேதியில் அந்த கார்டு அங்கே இல்லையென்றால் அனுப்பாதீர்கள். பல சேனல்கள் தங்கள் பெயரில் சுற்றும் போலியின் மேல் 'போலி' என்று முத்திரை போட்டு அதே பக்கத்தில் வெளியிடுகின்றன.

படி 3: வீடியோவிலிருந்து படம் எடுத்துத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வீடியோவை அங்கங்கே நிறுத்தி மூன்று நான்கு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வெறும் வெள்ளம், கூட்டம், முகம் உள்ள ஃப்ரேம் வேண்டாம். கடைப் பலகை, மேம்பாலத் தூண், பஸ், கோபுரம் என்று அடையாளம் உள்ள ஃப்ரேம் வேண்டும். பிறகு கட்டாயம் க்ராப் செய்யுங்கள். மேலே ஒட்டிய சிவப்புப் பட்டை, எமோஜி, சேனல் லோகோ எல்லாம் போக வேண்டும். அவற்றை விட்டுவைத்தால் அதே பட்டை போட்ட மற்ற வீடியோக்களைத்தான் தேடல் கொண்டுவந்து கொட்டும்.

இப்போது கூகுள் லென்ஸில் போடுங்கள். முதலில் வரும் முடிவுகளை வைத்து 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் படத்தில் உள்ள பொருளை அடையாளம் காட்டும் கருவி. மழைக்கோட்டு போட்டவரைக் காட்டினால் மழைக்கோட்டு விற்கும் கடையைக் காட்டும். 'எக்ஸாக்ட் மேட்சஸ்' என்ற பிரிவுக்குப் போங்கள், அதே படம் வேறு எங்கே வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. அதிலும் மிகப் பழைய முடிவைத் தேடுங்கள். முடிவுப் பட்டியலில் தெரியும் தேதியை நம்பாமல் பக்கத்தைத் திறந்து பதிவின் தேதியைப் படியுங்கள்.

பழைய முடிவு எதுவும் வரவில்லை என்றால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது. படத்தை இடவலம் திருப்பியிருக்கலாம். கடைப் பலகையிலோ நம்பர் பிளேட்டிலோ எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். கேலரி எடிட்டரில் ஃபிளிப் செய்து மறுபடி தேடுங்கள்.

கருவிகளில் எங்கள் தேர்வு: ஃபோனில் லென்ஸ், கம்ப்யூட்டரில் டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளம். டின்ஐயில் 'ஓல்டஸ்ட்' என்று வரிசைப்படுத்தலாம், அந்த ஒரு வசதிக்காகவே வைத்துக்கொள்ளலாம். கட்டடங்களுக்கு யாண்டெக்ஸ் (Yandex) படத்தேடல் நன்றாக வேலை செய்கிறது. ஏஐ படமா என்று சதவீதம் சொல்லும் இலவசத் தளங்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே படத்துக்கு ஆளுக்கொரு விடை சொல்கின்றன.

வீடியோ அசலாகவே இருக்கும், தலைப்பு மட்டும் பொய்யாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக இரண்டு வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு மறுத்தார்: ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. வெட்டப்பட்ட வீடியோவும் அப்படித்தான். 2018இல் இந்தியாவில் பரவிய குழந்தை கடத்தல் வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொடுத்து அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அந்த மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைப் பெண் ஒருவரை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் கடத்தல்காரர் என்று நினைத்துப் போளூர் அருகே அடித்தே கொன்றார்கள். வீடியோ சட்டென்று முடிந்தால், முழு நீளத்தைக் காணும்வரை அனுப்பாதீர்கள்.

படி 4: எண் வந்தால் எண் பிறந்த இடத்துக்குப் போங்கள்

'செம்பரம்பாக்கம் திறந்தாச்சு, ஓடுங்க!' என்று வந்தால் எத்தனை கன அடி என்று கேளுங்கள். ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது வழக்கமான நடவடிக்கை. விநாடிக்கு 500 கன அடி என்பதும், 2015 டிசம்பரில் போன சுமார் 29,000 கன அடி என்பதும் ஒன்றல்ல. குடிநீர் வாரியத்தின் தளத்தில் ஏரி நிலவரம் தினமும் வருகிறது.

எந்த ஏரி எந்த ஆற்றுக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் போகும்: மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். பூண்டி உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் எண்ணூர் பக்கம் போகும். பூண்டியைத் திறந்ததால் சைதாப்பேட்டை மூழ்கும் என்று வந்தால் அது தவறு. கரையோரம் குடியிருப்பவர்கள் மட்டும் எண்ணை ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம், அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வந்ததும் கிளம்புங்கள்.

மழைக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. அறிக்கையின் தலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் படியுங்கள். நேற்றைய ரெட் அலர்ட் இன்றைக்குச் செல்லாது.

படி 5: எழுவாய் இல்லாத வாக்கியத்தில் நில்லுங்கள்

'எனக் கூறப்படுகிறது', 'தகவல் வெளியாகியுள்ளது', 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன'. சொன்னது யார்? கடைசி வரி வரை பெயரோ பதவியோ ஆவணமோ இல்லையென்றால், அந்தச் செய்தியை ஒரு நாள் ஆறப்போடுங்கள். ஐந்து தளங்களில் வந்திருந்தாலும் எல்லாவற்றிலும் பிடிஐ, ஏஎன்ஐ போன்ற ஒரே செய்தி நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஆதாரம் ஒன்றுதான். தவறாகப் போட்டதைத் திருத்தி, திருத்தினோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஊடகத்தை நாங்கள் அதிகம் மதிக்கிறோம். சத்தமில்லாமல் அழித்துவிடும் ஊடகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

இதற்குள் வேறு யாராவது சரிபார்த்திருக்கவும் கூடும். தமிழில் யூடர்ன் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் ஒன்றிய அரசின் பிஐபி ஃபேக்ட் செக்கும் அரசு பற்றிய வதந்திகளுக்குப் பயன்படும். ஆனால் அரசே ஒரு தரப்பாக இருக்கும் விவகாரத்தில் அவற்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

படி 6: குடும்ப குரூப்பில் சொல்வது

எல்லார் முன்னாலும் 'ஃபேக்' என்று போட்டால் மாமா அடுத்த முறை உங்கள் லிங்க்கைத் திறக்கவே மாட்டார். தனியாக அனுப்புங்கள்: 'மாமா, இது 2019 வீடியோவாம், லிங்க் அனுப்பியிருக்கேன். நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க.' அவரே திருத்தினால் மற்றவர்களும் கேட்பார்கள்.

பின்னர் சேர்த்தது

ஆடியோ ஃபார்வர்டை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். 'நான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பேசுறேன்' வகை. அதில் வரும் தனித்துவமான ஒரு வாக்கியத்தை அப்படியே டைப் செய்து தேடுங்கள். பழையதாக இருந்தால் சரிபார்த்தவர்கள் எழுத்தில் போட்டிருப்பார்கள். முழுப்பெயர், மருத்துவமனை, தேதி மூன்றும் ஆடியோவில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

மீட்பு எண் பட்டியல்களும் கேட்டிருந்தீர்கள். பழைய வெள்ளத்தின் தன்னார்வலர் எண்கள் இன்றும் சுற்றுகின்றன. ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்த்து, எடுத்தால் மட்டும், 'இன்று மாலை 4 மணிக்குப் பேசினோம்' என்று நேரத்தோடு பகிருங்கள். நேரமில்லை என்றால் மாறாத எண்களை மட்டும் அனுப்புங்கள்: மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.