பூனைக்குக் கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

பூனை வளர்ப்பவர்களில் பலர் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இல்லை. குட்டி வளர்கிறது, ஒரு நாள் சாத்தாத சன்னல் வழியே மதிலேறிப் பார்க்கிறது, மறுநாளும் போகிறது, பிறகு அதுவே வழக்கமாகிவிடுகிறது. இப்படித் தற்செயலாக விடக்கூடிய விஷயம் அல்ல இது. வெளியே திரிந்து, தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்ட பூனையைப் பின்னர் வீட்டுக்குள் நிறுத்துவதைவிட, வெளியையே அறியாத குட்டியை உள்ளே வளர்ப்பது பல மடங்கு எளிது. ஆகையால் குட்டி வந்த முதல் சில நாட்களிலேயே முடிவெடுத்துவிடுவது நல்லது.

முதலில் பூனையைப் பாருங்கள். காது கேளாத பூனையும், கண்பார்வை மங்கிய கிழப்பூனையும் வாகனம் வருவதையோ நாய் நெருங்குவதையோ உரிய நேரத்தில் உணராது. இவற்றைத் தனியே வெளியே விடக்கூடாது. நீலக் கண்களுடைய வெள்ளைப் பூனைகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம் என்பதால், கூப்பிட்டால் திரும்புகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூனைகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: ஆண்டுக்கணக்கில் வெயில் படும்போது காது நுனியிலும் மூக்கிலும் தோல் புற்றுநோய் வரலாம். மாறாக, தெருவிலேயே பிறந்து வளர்ந்து பெரிய வயதில் உங்களிடம் வந்த பூனைக்கு நான்கு சுவர்கள் கடும் மன அழுத்தத்தைத் தரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, சுற்றுப்புறம். நண்பகலில் சாலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பூனை விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். ஓட்டுநரின் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாத நேரமும் அதுவே. அந்த வேளைகளில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, வண்டிகளின் வேகத்தையும், அவிழ்த்துவிடப்பட்ட நாய்களையும், ஏற்கெனவே அங்கே ஆட்சி செய்யும் கடுவன் பூனைகளையும் கவனியுங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அந்த நஞ்சு ஏறலாம்.

பூனைச் சண்டைகள் வெறும் கீறலோடு முடிவதில்லை. நோயெதிர்ப்பு ஆற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. கிருமி பெரும்பாலும் ஆழமான கடிக்காயத்தின் வழியே பரவுகிறது. இரத்தப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய எஃப்.இ.எல்.வி. கிருமியோ ஒன்றையொன்று நக்குவதாலேயே பரவலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த பூனை உள்ளேயே இருக்க வேண்டும்; இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

வெளியே விடுவதென்றால் பிற உயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது என்றாலும், வயிறு நிறைந்த வீட்டுப் பூனையும் வேட்டையாடவே செய்யும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்தது நம்பிக்கை அளிக்கிறது: இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதமும், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதமும் குறைந்தன.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், பெரும்பாலான வீடுகளில் பூனை உள்ளே இருப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் கதவை மூடியதோடு கடமை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. உலகத்தையே மறுத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் உணவை மட்டும் வைத்தால், அந்தப் பூனை பருத்துச் சோர்ந்து, நீரிழிவுக்கும் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் ஆளாகக்கூடும். கடுவன் பூனை, கழிவு கழிக்க வைத்த மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

உள்ளே வாழும் பூனைக்கு முதல் தேவை உயரம். தரையின் பரப்பைவிட, ஏறி உட்கார்ந்து கீழே நோக்க ஒரு பலகையும், வெளியைப் பார்க்க ஒரு சன்னல் திட்டும் அதற்கு முக்கியம். பிறாண்டும் கம்பம், பூனை பின்னங்காலில் நின்று உடலை முழுவதும் நீட்டும் அளவுக்கு உயரமாகவும், ஆடாமலும் இருக்க வேண்டும். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்; அவற்றை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். மனிதருக்கும் தொற்றி, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி கழிவில் வெளியேறியிருந்தாலும், அது தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த வேலையை வேறொருவர் ஏற்பது நல்லது. விளையாட்டோ வேட்டையின் ஒழுங்கில் அமைய வேண்டும்: பதுங்கவும், துரத்தவும், பாயவும், கடைசியில் பிடிக்கவும் இடம்கொடுத்து, முடிவில் ஒரு வாய் உணவு கொடுங்கள். பிடிக்கவே இயலாத லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்தச் செய்வது சில பூனைகளை ஏமாற்றத்தில் தவிக்க வைக்கும்.

வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு. லில்லி மலரின் மகரந்தத்தை மயிரிலிருந்து நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்பதால், அந்தப் பூங்கொத்து வீட்டுக்கு வரவே வேண்டாம். மாடி வீடானால் சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டாயம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் தப்பிவிடும் என்று நம்பாதீர்கள். நான்கு காலில் இறங்கினாலும் தாடையும் நுரையீரலும் அடிபடலாம்.

நடுவழியும் இருக்கிறது. நான்கு பக்கமும் மேற்புறமும் வலையடித்த பால்கனியோ முற்றமோ வெயிலையும் காற்றையும் பறவைக் குரலையும் பூனைக்குத் தரும். இடம் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இடமில்லையெனில் வார்ப்பட்டை மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி வெளியே நடக்கப் பழக்கலாம். கழுத்தில் மட்டும் மாட்டுவது கூடாது. மார்பைச் சுற்றியதாக இருக்க வேண்டும். பல நாட்கள் வீட்டுக்குள்ளேயே அணிவித்து, அது இயல்பாக நடக்கத் தொடங்கிய பிறகே வெளியே கொண்டுசெல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் வெளியே விடுவதென்று முடிவு செய்தால், கருத்தடை அறுவை சிகிச்சை, வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகள், தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் ஆகிய மூன்றும் முடியும் வரை கதவைத் திறக்காதீர்கள். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும். கழுத்துப்பட்டை போடுவதானால், கிளையில் சிக்கினால் தானே கழன்றுவிடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். புதுவீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களாவது உள்ளே வைத்திருந்து, பிறகு உணவு வேளைக்குச் சற்றுமுன், பசியோடு இருக்கும்போது முதன்முறையாக வெளியே விடுங்கள்; கூப்பிட்டதும் வரும். அந்திக்குமுன் உள்ளே அழைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள்.

வெளியே பழகிய பூனையை உள்ளே மாற்றுவதானால் வாரக்கணக்கில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அது கதவருகே கத்தும். மனம் இளகி ஒருமுறை திறந்துவிட்டால், கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும். ஆயினும் சில மாதங்கள் கடந்தும் ஒரே இடத்து மயிரை நக்கி நக்கி உதிர்ப்பதோ, சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதோ, உணவை மறுப்பதோ தொடர்ந்தால், நோய் ஏதும் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, எடுத்த முடிவை மறுபடியும் பரிசீலியுங்கள்.