அப்பா கட்சி, ஏரியா கட்சி, நம்ம கருத்து: வடசென்னை வாக்காளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒருவரிடம் ‘நீங்க எந்தக் கட்சி?’ என்று கேட்டால், பெரும்பாலும் அவருடைய அப்பாவின் கட்சிதான் பதிலாக வரும். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டத்தை மழையில் நனைந்தபடி கேட்டவர்களின் பேரன்கள் இங்கேதான் இருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். மன்றம் வைத்தவர்களின் பேத்திகளும், ஆலை வாசலில் செங்கொடி பிடித்தவர்களின் பிள்ளைகளும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். பரம்பரையாக ஒரு கட்சியில் இருப்பது குற்றமில்லை. ஆனால் அதைச் சொந்தமாக யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துக்கொள்வது தவறு. ‘உங்க கட்சி செஞ்சதுல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பட்டென்று ஒன்றாவது வந்தால் அவர் யோசித்திருக்கிறார். கோபம் வந்தால் இன்னும் யோசிக்கவில்லை.

எதிராளியிடம் மட்டும் ஆதாரம் கேட்பது

மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டிப் போட்டால், நம்ம ஆள் கவுன்சிலராக இருக்கும்போது ‘வேலை நடக்குது’. அவங்க ஆள் என்றால் ‘கமிஷன்’. பள்ளம் ஒன்றுதான். இந்தப் பழக்கம் முற்றிப்போனால் நடந்ததே மறந்துபோகும். ‘2018-ல கவுன்சிலர் எட்டிப் பார்த்தாரா?’ என்று இன்றும் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அப்போது கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. நடுவில் நிர்வாகம் அதிகாரிகள் கையில் இருந்தது. திட்டுவதற்கு முன் அந்தத் தேதியில் நாற்காலியில் ஆள் இருந்தாரா என்றாவது பார்த்துவிடலாம்.

யார் எதற்குச் சாட்சி என்று பிரிக்காமல் விடுவது

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றது துறைமுகத் தரப்பின் முதல் அறிவிப்பு. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர்ப் பாறைகளில் தார் போல எண்ணெய் படிந்தது. ஆட்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். அறிவிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள். கொஞ்ச நாளில் கதை எதிர்ப்பக்கம் போனது. கடலில் கிடைப்பதெல்லாம் விஷம் என்ற பேச்சு பரவி, காசிமேட்டில் மீன் வாங்க ஆள் குறைந்தது.

இந்த இடத்தில்தான் ‘அரசு பொய் சொல்லும், மக்கள் உண்மை சொல்வார்கள்’ என்ற சுலபமான பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது போதவில்லை. கரையில் எண்ணெய் இருக்கிறதா என்பதற்கு அதை அள்ளிய மீனவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எத்தனை டன் கொட்டியது, எந்தக் கப்பல் மேல் தப்பு என்பதற்கு அவர் சாட்சி இல்லை. அதற்கு அளவெடுப்பும் விசாரணையும் வேண்டும். மீன் சாப்பிடலாமா என்பதற்கு ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே சம்பவத்தில் மூன்று கேள்விகள், மூன்று சாட்சிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோதும் இதே குழப்பம் திரும்ப வந்தது. போன வருஷத்து வெள்ள வீடியோவுக்கு இன்றைய தேதி போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் எதற்கும் சாட்சி இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனசார நம்புவதால் அது உண்மையாகிவிடாது

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918-ல் பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. முன்னணியிலும் இருக்க, தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921-ல் அங்கே மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் நிற்காமல் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா தம் மக்கள் பக்கம் நின்றார். ஆட்சியிலிருந்த அவருடைய நீதிக்கட்சியின் தலைவர்கள் சிலரோ, அதிகாரிகள் ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுவதாகக் குறை சொன்னார்கள். பிறகு ராஜா அந்தக் கட்சியிலிருந்தே விலகினார்.

இந்தக் கதையை நம்ம ஏரியாவில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு வீட்டில் அது கருங்காலிகள் உடைத்த போராட்டம். நாலு தெரு தள்ளி, அது சங்கப் போர்வை போர்த்திய சாதி வெறி. இரண்டு வீட்டாரும் நடிக்கவில்லை. உயிரைக் கொடுத்து நம்புகிறார்கள். அதனாலேயே எந்தப் பக்கமும் மற்றதன் கேள்வியைக் காதில் வாங்குவதில்லை. கையிருப்பு இல்லாத, ஊரிலும் சங்கத்திலும் சமமாக நடத்தப்படாத ஒருவர் யாரை நம்பி மாதக்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டும்? தொழிலாளிகளுக்குள் பிளவு இருந்தால் முதலாளிக்கு லாபம் இல்லையா? இரண்டுமே நியாயமான கேள்விகள். என் கணிப்பைக் கேட்டால், சங்கம் எழுப்பிய கோரிக்கைகள் நியாயமானவை. எரிந்த குடிசைகளுக்கு அந்த நியாயம் பதில் ஆகாது. இதைச் சொன்னால் இரண்டு வீட்டிலும் டீ கிடைக்காது, பரவாயில்லை. திரு.வி.க. பெயரில் ஒரு மாநகராட்சி மண்டலமே இங்கே இருக்கிறது. அந்த மண்டலத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை இரண்டு பக்கத்தோடும் தெரிந்திருக்க வேண்டும்.

‘எல்லாரும் திருடங்கதான்’ என்பவர், தான் யாருக்கும் தலையாட்டாதவர் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் வேலையை மிச்சம் பிடிக்கிறார். வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26-ல் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். சொத்து, கடன், மனைவி அல்லது கணவர் பெயரில் இருப்பது, அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் உண்டு. வழக்கு எண்ணிக்கையைப் பார்த்ததும் முடிவு கட்டுவது இன்னொரு தவறு. குடிநீர் கேட்டுச் சாலை மறியல் செய்த வழக்கும், மிரட்டிப் பணம் பறித்த வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். எந்தப் பிரிவு, எந்த வருஷம், குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். அப்படியும் யாரையும் பிடிக்கவில்லையென்றால் 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.

துட்டு வாங்கினதால் கட்டுப்பட்டுவிட்டோம் என்று நினைப்பது

2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடா புகாரால் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்தது. கவரோடு சேர்த்துக் கற்பூரத்திலோ குழந்தை தலையிலோ அடிக்கச் சொல்கிற சத்தியம். உப்பிட்டவரை நினைக்கிற நம்ம மனசு தெரிந்துதான் அதைக் கேட்கிறார்கள். குற்றத்துக்காக வாங்கிய சத்தியத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

‘யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும்’ என்ற மிரட்டலில் பாதி பொய், பாதி உண்மை. ஓட்டு மெஷினோடு இருக்கிற விவிபாட் பெட்டியில், நீங்கள் போட்ட சின்னத்தைக் காட்டும் சீட்டு ஏழு விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும்; அதில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் படிவம் 20-ல் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு வெளியாகிறது. அந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு மொத்தம் எத்தனை ஓட்டு வந்தது என்று தெரியும். எந்த ஓட்டு யாருடையது என்று தெரியாது. வட்டச் செயலாளர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்தவர் மாதிரி பேசினால், அது ஊகம்.

கருத்தை மாற்றிக்கொண்டால் பச்சோந்தி என்பார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறி சட்டசபையில் ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ.வின் பதவி போகலாம். உங்களுக்குக் கொறடா யாரும் இல்லை.

வீட்டில் மட்டும் ஒருவர் இருக்கிறார். ‘எங்க வீட்ல ஆறு ஓட்டு’ என்று பெரியவர் பூத் ஏஜென்டிடம் சொல்லிவிடுவார். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து நிற்பதும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் அந்த ஆறில் அம்மாவும் மருமகளும்தான். யார் வேலை செய்தார் என்பதற்கு அவர்களே நேரடிச் சாட்சி; அவர்களைக் கேட்டு யாரும் எண்ணுவதில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்லும்படி கோர்ட்டில்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 94 அப்படிச் சொல்கிறது. வீட்டில் கேட்டால் ‘போட்டுட்டேன்’ என்று விரலைக் காட்டினால் போதும்.